பந்து வரையாத தபால்தலை

கொஞ்சம் நகர்ந்து கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற நீங்களும்தான், இடம் இருக்கிறது. விரல் நகம் அளவே இருந்த ஓர் ஆள், ஒரு ஊரின் நாலாயிரத்து முன்னூறு கடிதங்களை ஏழு நாள் ஊரைவிட்டு நகரவிடாமல் பிடித்து வைத்திருந்தான். அவன் குடியிருந்தது ஒரு தபால்தலைக்குள். அவனைப் பற்றியும், அவனோடு மல்லுக்கு நின்ற ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. முழுசாகக் கேட்டுவிட்டு எழுந்தால் எனக்கு அது போதும்.

பல நாடுகள் கூடி ஆடும் கால்பந்துப் போட்டி அந்த வருடம் நடந்தது. அதன் நினைவாக ஒரு தபால்தலை வெளியிட்டார்கள். பச்சைப் புல், வெள்ளைக் கம்பம், வலை, வலைக்குப் பின்னால் மிளகு மிளகாகத் தலைகள் தெரியும் கூட்டம். நடுவில் மஞ்சள் சட்டை போட்ட கோல்கீப்பர் முழங்காலை லேசாக மடக்கி, உறை மாட்டிய இரண்டு கைகளையும் விரித்துத் தயாராக நின்றான். எல்லாம் இருந்தது, பந்து மட்டும் இல்லை. வரைந்தவர் மறந்துவிட்டார் என்றார்கள் சிலர். அச்சகத்தில் எங்கோ உருண்டு போய்விட்டது என்றார்கள் சிலர். தலைமை அலுவலகம் பழைய தபால்தலைகளை எல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு, இதையே கட்டுக் கட்டாக அனுப்பி வைத்தது. அதனால் அந்த ஊரில் யார் கடிதம் போட்டாலும் கோல்கீப்பர் ஒட்டித்தான் போட வேண்டும்.

தபால் நிலையத்தின் பின்னறையில் பதினாலு வருடமாகக் கடிதங்களுக்குத் தேதி முத்திரை குத்தியவளை ஊரே முத்திரைக்காரி என்றுதான் அழைத்தது. ரப்பர் விரிப்பின் மேல் கடிதம், இடப்பக்கம் மைப்பெட்டி, வலக்கையில் மரப்பிடி போட்ட வட்ட முத்திரை. மையில் ஒரு குத்து, கடிதத்தில் ஒரு குத்து, நிமிடத்துக்கு எழுபது. எல்லா முத்திரையும் தபால்தலையின் வலது மேல் மூலையில், அதே சாய்வில் விழும். ஒரு நூல்கூட விலகியதில்லை. புதிய தபால்தலை வந்த அன்று காலை அவள் கையில் எடுத்த முதல் கடிதம் பல் வைத்தியர் தன் தம்பிக்கு எழுதியது. குத்தினாள். கோல்கீப்பர் எகிறிப் பிடித்தான். வட்டமாக எதைக் கண்டாலும் அவனுக்குப் பந்துதானே, பாவம், எத்தனை நாளாகக் காத்திருந்தானோ. விழுந்த மை வட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வெளியே வீசி எறிந்தான். அது சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. அடுத்தது தேநீர்க் கோப்பையில். மத்தியானத்துக்குள் மின்விசிறி, ஜன்னல் கம்பி, அவளுடைய முழங்கை எங்கும் தேதி. என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்த போஸ்ட்மாஸ்டரின் வழுக்கைத் தலையிலும் ஒன்று விழுந்தது. அவர் மூன்று முறை சோப்புப் போட்டும் அது போகவில்லை. அதன்பிறகு கவுண்டருக்கு வந்தவர்கள் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்காமல், லேசாக எட்டிப் பார்த்து, நாள் கணக்கைக் கூட்டிக்கொண்டு எழுதினார்கள். தபால்தலை மட்டும் வந்தபடியே பளிச்சென்று இருந்தது.

தாளுக்கு நூறு தபால்தலை இருந்தாலும் உள்ளே இருந்தவன் ஒருவனே. ஒரு கடிதத்தில் கற்றதை அடுத்த கடிதத்தில் மறக்கமாட்டான். முத்திரை விழாத கடிதம் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது தபால் துறை விதி. சாக்குகள் ஜன்னல் விளிம்புவரை உயர்ந்தன. ஊர்க்காரர்கள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை, கால்பந்துக்காரர்கள் அப்படித்தான் என்றார்கள். ஆனால் என் கடிதம் எப்போது போகும் என்று தினமும் வந்து கேட்டார்கள். போஸ்ட்மாஸ்டர் மேலிடத்துக்குத் தொலைபேசினார். ஏழாம் நாள் ஆய்வாளர் வருவார், அதற்குள் கடிதங்கள் கிளம்பவில்லை என்றால் முத்திரைக்காரியைக் கலங்கரைவிளக்கத் தீவுக்கு மாற்றிவிடுவோம் என்று பதில் வந்தது. அந்தத் தீவுக்கு மாதம் பதினொரு கடிதம் வரும், இரண்டு வாரத்துக்கு ஒரு படகு போகும். அவள் கணவருக்கு ஜன்னல் கண்ணாடி வெட்டும் கடை. தீவில் இருந்ததோ ஒரே ஒரு ஜன்னல், அதுவும் நல்லபடியாகவே இருந்தது. அவள் விஷயத்தைச் சொன்னபோது அவர் தட்டில் இருந்த ரொட்டியை அங்குலம் அங்குலமாக வெட்டிக்கொண்டே இருந்தார்.

அவர்கள் வீட்டு மாடியில் நாத்தனார் இருந்தாள். பிஸ்கட் ஆலையில் வேலை. ஆலைப் பெண்கள் அணிக்கு பெனால்டி அடிப்பவள் அவள்தான். முப்பத்தொரு பெனால்டியில் ஒன்றுகூடத் தவறியதில்லை. அண்ணியும் நாத்தனாரும் பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது. முத்திரை குத்துகிற வேலையை ஒரு குரங்குகூடச் செய்யும் என்று நாத்தனார் சொல்லப்போக, பந்து உதைக்கிற வேலையைக் கழுதை இன்னும் நன்றாகச் செய்யும் என்று அண்ணி சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து கணவர்தான் மாடிப்படி நடுவில் நின்று மேலும் கீழும் பேச்சைக் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் சாயங்காலமும் அங்கேதான் நின்றார்.

"ஒரு தடவ ஆபீசுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க, உங்க தங்கச்சிய."

"கழுதைக்கு அங்க என்ன வேலையாம்? கேளு அண்ணா."

"குரங்கு தோத்துப் போச்சுன்னு சொல்லுங்க. அதான் கழுதைய கூப்பிடுது."

மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது, அதன் பின்னாலேயே செருப்புச் சத்தம் இறங்கி வந்தது.

மறுநாள் நாத்தனார் ஒரு சாக்கின் மேல் ஏறி உட்கார்ந்து, உடைந்த பிஸ்கட்டுகளைத் தின்றபடி நாற்பது குத்துகளைப் பார்த்தாள். நாற்பதையும் அவன் பிடித்தான்.

"அண்ணி, அவன் உங்க முத்திரைய பாக்கவே இல்ல. தோளைப் பாக்கறான்."

"தோள்ல என்ன இருக்கு?"

"குத்தறதுக்கு முன்னாடி வலது தோள் ஒரு இஞ்ச் எறங்குது. பதினாலு வருஷமா ஒரே மூலைல குத்தறீங்கல்ல, அது பழகிப்போச்சு."

"அதான் சரியான எடம். விதிப் புத்தகத்துலயே போட்டிருக்கு."

"அவனும் அந்தப் புத்தகத்தப் படிச்சிருப்பான் போல."

ஊரே புகழ்ந்த கைப்பழக்கம் ஒரு குறை என்று கேட்டதும் முத்திரைக்காரிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் தீவை நினைத்துக்கொண்டாள். வலது பக்கம் பார்த்து இடது பக்கம் குத்து, தோளை இறக்கிக் கையை நிறுத்து என்று நாத்தனார் காட்டிக்கொடுத்தாள். "எனக்குப் பொய் சொல்ல வராதுடி" என்றாள் இவள். "நீங்க ஏன் சொல்றீங்க? தோள் சொல்லட்டும், நீங்க சும்மா இருங்க" என்று நாத்தனார் முத்திரையை வாங்கித் தானே குத்திக் காட்டினாள். அவன் பிடித்து எறிந்த தேதி அவள் மூக்கு நுனியில் உட்கார்ந்தது.

"முப்பத்தொரு கோல் அடிச்ச கையா இது?"

"அது கால், அண்ணி."

ஆறாம் நாள் மதியம், இருநூறு தோல்விக்குப் பிறகு, முத்திரைக்காரியின் தோள் வலப்பக்கம் சாய்ந்தது, முத்திரை இடது கீழ் மூலையில் விழுந்தது. கோல்கீப்பர் எதிர்ப்பக்கம் பாய்ந்து புல்லில் குப்புறக் கிடந்தான். சோடா பாட்டில் திறந்த மாதிரி ஒரு சின்ன இரைச்சல் கேட்டது. தபால்தலைக்குள் இருந்த கூட்டம்தான். அவன் தரையை ஒரு குத்து குத்திவிட்டு எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, அவளைப் பார்த்துத் தலையசைத்தான். இவளும் பதிலுக்குத் தலையசைத்தாள்.

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு ஆய்வாளர் வெள்ளைச் சட்டையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தபால் வண்டி கிளம்ப நாலு மணி. அவள் இடது, வலது, மேலே, கீழே என்று அடித்தாள்; ஒருமுறை அவன் காலிடுக்கில் விட்டாள், ஒருமுறை தும்முவதுபோல் பாவனை செய்து அடித்தாள். அவன் பிடித்ததை மறுபடி அடித்தாள். முத்திரைகள் ஆளுக்கொரு மூலையில் கோணல்மாணலாக விழுவதைப் பார்த்த ஆய்வாளர், வயிற்றுவலிக்காரர்போல நெளிந்தார். நாலு மணிக்கு நாலாயிரத்து முன்னூறு கடிதமும் வண்டியில் ஏறிவிட்டது. அப்போது ஆய்வாளர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மாற்றல் உத்தரவை அவர் முந்தின நாளே எழுதி வைத்திருந்தார்.

"எழுதினத அழிக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. தாமதம் தாமதம்தான். இத கையில கொண்டுபோகக் கூடாது, தபால்ல தலைமை ஆபீசுக்குப் போய்ச் சேந்ததும் அமலுக்கு வரும்."

வேறு தபால்தலை இல்லாததால் போஸ்ட்மாஸ்டர் அதைப் போட்ட உறையிலும் கோல்கீப்பரை ஒட்டி, அவள் முன்னால் வைத்தார். வாசலில் கணவர் கண்ணாடித் தூள் படிந்த கையோடு நின்றிருந்தார்.

"அந்தக் கோமாளித்தனமெல்லாம் இதுல வேணாம். விதிப்படி குத்துங்க. வலது மேல் மூலை" என்றார் ஆய்வாளர்.

"சரிங்க ஐயா" என்றாள் முத்திரைக்காரி.

பதினாலு வருடம் குத்திய அதே குத்து. தோள் ஓர் அங்குலம் இறங்கியது, முத்திரை நேராக வலது மேல் மூலைக்குப் போனது. கோல்கீப்பர் குதிக்கக்கூட இல்லை, எட்டி வாங்கிக்கொண்டான். தேதி ஆய்வாளரின் சட்டைப் பையில் போய் விழுந்தது. இன்னொரு தடவை என்றார் அவர். மொத்தம் ஏழு தடவை குத்தினாள், ஏழும் விதிப்படி. சட்டையில் ஏழு தேதி. கடைசியில் அவரே முத்திரையை வாங்கிக் குத்தி, தாடையில் ஒன்று வாங்கிக்கொண்டார். பிறகு, சரி, கோமாளித்தனமாகவே குத்துங்கள் என்று இறங்கி வந்தார். "தோள் ஓஞ்சு போச்சுங்க ஐயா" என்றாள் அவள். நாலாயிரத்து முன்னூறு குத்திய தோளை யார் என்ன சொல்ல முடியும்? முத்திரை விழாத கடிதம் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்ற விதியை போஸ்ட்மாஸ்டர் மிகவும் பணிவாக வாசித்துக் காட்டினார். ஆய்வாளர் ஒரு தேநீர் குடித்துவிட்டு, தாடையைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு, அடுத்த பேருந்தில் ஏறிப் போனார்.

போட்டி முடிந்தது, யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் அந்த ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. பறவை, பாலம் என்று வேறு தபால்தலைகள் வந்தன, அவை எதையும் பிடிக்கவில்லை. அந்த உறை மட்டும் அங்கேயே இருந்தது. உத்தரவு உத்தரவுதானே, கிடப்பில் போடக் கூடாது என்று வருடத்துக்கு ஒருநாள் போஸ்ட்மாஸ்டர் அதை விரிப்பின் மேல் எடுத்து வைப்பார், முத்திரைக்காரி விதிப்படி குத்துவாள், அவன் பிடிப்பான், எல்லோரும் வேலையைப் பார்க்கப் போவார்கள். இப்படி இருபத்திரண்டு வருடம் அவள் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். மஞ்சள் சட்டை கொஞ்சம் வெளுத்திருக்கிறது, ஆள் இன்னும் தயாராகத்தான் நிற்கிறான்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய கடிதமெல்லாம் தப்பாமல் வந்து சேரட்டும். உங்களைப் பிரிக்கிற கடிதம் ஏதும் கிளம்பினால், அதை வழியிலேயே ஒருத்தன் எட்டிப் பிடித்துக்கொள்ளட்டும்.