எல்லையில் தொங்கிய கருவாட்டுச் சட்டி

என் வீட்டுக்காரருக்கு ரோஷம் மூக்குக்கு மேல் வரும். அதை விதைத்து அறுக்க முடிந்தால் நாங்கள் எப்போதோ பணக்காரர்கள். நாங்கள் விதைப்பதோ சாமை. அதற்கு உழவு மாடு வேண்டும். மாடு இருந்தது அவருடைய அண்ணனிடம்.

எங்கள் மலைச்சரிவில் எல்லோரும் ஒரே வாரத்தில் விதைத்துவிடுவோம். காரணம் குருத்து ஈ. அது இளநாற்றில் முட்டையிடும், புழு நடுக்குருத்தைக் குடைந்து தின்னும். எல்லா வயலும் சேர்ந்து முளைத்தால் சேதம் ஆளுக்குக் கொஞ்சமாகப் போய்விடும். பிந்தி விதைத்தவர் வயலில்தான் அத்தனை ஈயும் பந்திக்கு உட்காரும்.

இந்த முறை மாடு கேட்கப் போனவரிடம் அண்ணன், "முதல்ல என் வயல் முடியட்டும், அப்புறம் ஓட்டிக்கோ" என்று சொல்லிவிட்டார். நியாயமான பேச்சுதான். ஆனால் இவருக்கு முகம் தொங்கிவிட்டது.

"இனிமே அவரு மாடு என் மண்ண மிதிக்கக் கூடாது" என்று மண்வெட்டியைத் தூக்கினார். தனி ஆளாகக் கொத்தி விதைத்து முடித்தபோது மற்றவர்கள் பயிர் சாண் உயரம் நின்றது.

நாங்கள் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்ததுபோல ஈ வந்து சேர்ந்தது. வாடிய குருத்தைப் பிடித்து இழுத்தால் அழுகல் வாடையோடு கையில் வந்தது. வருஷம் முழுக்க எங்கள் சாப்பாடு அந்த வயல்தான்.

"உங்க அண்ணன்கிட்ட போய்க் கேளுங்க. அவங்க நெருக்கமா இருக்கற நாத்தக் கலைச்சுப் போடறாங்க. அத வாங்கி நட்டா பொழைக்கும். முத்துன நாத்த ஈ தொடாது."

"செத்தாலும் கேக்க மாட்டேன்."

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. பயிருதான் சாகுது."

மறுநாள் அவர் கருவாட்டை ஊறவைத்து, பூச்சிமருந்து கலந்து, ஒரு சட்டியில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனார். வாடைக்கு வரும் ஈ அதில் விழுந்து சாகும். வயலுக்கு நடுவில் கட்ட வேண்டிய சட்டியை, அண்ணன் வயலை ஒட்டிக் கம்பு நட்டுக் கட்டினார்.

"இது என்ன கூத்து?"

"ஈ எல்லாம் அந்தப் பக்கம் போகட்டும். அவருக்கும் கொஞ்சம் வலிக்கட்டும்."

"முழங்கால் உயரப் பயிர எந்த ஈ தொடும்?"

அவர் கம்பில் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். ஈ எந்தப் பக்கம் போனதோ தெரியாது, வாடை மட்டும் நேராக எங்கள் சமையலறைக்கு வந்தது.

தூறல் விழுந்த ஒரு காலையில் அண்ணன் தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பைத் தாண்டி வந்தார்.

"தம்பி, உன் சட்டியாலதான் என் பயிர் தப்பிச்சுது. சும்மா இருக்க மனசு வரல. இந்தா, பிடி."

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவர் திருதிருவென்று விழித்தார். ஆனாலும் நாற்றுக்கட்டை வாங்கிக்கொண்டார். மூன்று பேரும் குனிந்து, செத்த குருத்தைப் பிடுங்கிய இடத்திலெல்லாம் நட்டுக்கொண்டே போனோம். பாதி வயல் வந்ததும் இவர் நின்றுவிட்டார்.

"அண்ணே, நான் ஒண்ணும் உனக்கு நல்லது நெனச்சு அந்தச் சட்டியக் கட்டல. ஈ உன் பக்கம் போகட்டும்னுதான் கட்டினேன்."

அண்ணன் நிமிரக்கூட இல்லை.

"தெரியும்டா. நல்லது நெனைக்கிறவன் எல்லையில வந்தா கட்டுவான்?"

"அப்புறம் எதுக்கு வந்த?"

"நீ வந்து கேப்பேன்னு தினமும் பாத்தேன். நீ எங்க வந்த? எனக்கும் வர்றதுக்கு ஒரு சாக்கு வேணாமா?"

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். குனிந்து அடுத்த நாற்றை நட்டார், வேர் மேலும் இலை மண்ணுக்குள்ளுமாக. அண்ணன் அதைப் பிடுங்கித் திருப்பி நட்டார்.