இருபத்து மூன்றாவது பாட்டில்

மருத்துவமனையில் அவளைக் கம்ப்யூட்டர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி, நாற்பதாயிரம் வரிகளில் வேண்டியதை மட்டும் பொறுக்கிக் கொடுத்துவிடுவாள். அந்தக் கெட்டிக்காரத்தனம் அன்றைக்குப் பார்த்துக் காலை வாரிவிட்டது.

குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்தில் ஒரு தொகுதியில் நஞ்சு கலந்திருந்தது. அலமாரி இருப்பை எண்ணியதில் வெளியே போனவை இருபத்து மூன்று பாட்டில்கள். மதிய வேளை மருந்துக்கு முன், பன்னிரண்டுக்குள், இருபத்து மூன்று வீட்டுக்கும் போன் போயாக வேண்டும். மணி பதினொன்று.

அவசரத்தில், வடிகட்டிய வரிகளை எழுதவேண்டிய புதுக் கோப்புக்குப் பதிலாக மருந்துப் பதிவேட்டின் பெயரையே தட்டிவிட்டாள். கம்ப்யூட்டர் எழுதப்போகும் கோப்பை முதலில் துடைத்துவிட்டுத்தான் தேடவே போகும். வெறும் கோப்பில் என்னத்தைத் தேடும்? ஒரு வரிகூட மிஞ்சவில்லை. இருந்த நகலோ போன வாரத்தது. மருந்து வந்தது இந்த வாரம்.

"என்னாச்சும்மா?" என்றார் மருந்தாளர்.

"நானே அழிச்சிட்டேன் சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கோப்பு போனாலும் எழுத்து கம்ப்யூட்டரின் வட்டைவிட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க்கைவிட்டு, உடனே போய்விடாது. தொகுதி எண்ணைக் கொடுத்து முழு வட்டையும் சலிக்கவிட்டாள். குப்பைக்கு நடுவே ஒவ்வொரு வரியாக வந்தது. வர வர மருந்தாளர் அந்தந்த வீட்டுக்குப் போன் போட்டார். பதினொன்று ஐம்பதுக்கு இருபத்திரண்டு ஆயிற்று. அதோடு நின்றுவிட்டது. மறுபடி சலித்தாள். அதே இருபத்திரண்டுதான். வாய்விட்டு அழுதாள்.

"யாரு பெத்த பிள்ளையோ சார். என்னால போகப்போகுது."

"அழாதம்மா. ஸ்டாஃப் யாராவது எடுத்தீங்களா? வரிசையில நிக்காம எடுத்துட்டு, அப்புறம் பதிஞ்சுக்கலாம்பீங்களே."

அவள் தன் போனை எடுத்து வீட்டு எண்ணைத் தட்டினாள். நேற்று மாலை, கைப்பைக்குள் போட்ட பாட்டில். பதியாத வரியை எத்தனை முறை சலித்தாலும் எங்கிருந்து வரும்? காலையில் மகளின் நெற்றி லேசாகச் சுட்டது. மதியமும் சுட்டால் அந்த மருந்தைக் கொடுக்கும்படி கணவனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மூன்றாவது ரிங்கில் கணவன் எடுத்தான்.

"மருந்து குடுத்துடாதீங்க."

"இப்பத்தான் குடுத்தேன். உடம்பு கொதிச்சுது, அதான் பன்னெண்டு வரைக்கும் காத்திருக்கல. இன்னிக்கு அடமே பிடிக்கல, சமத்தா குடிச்சிட்டா."