வயலுக்குக் கீழே பலம்

சாவுக்கூடத்தின் பின்னறையில் சிவப்புத் துணியை நீளமாக விரித்தார் ஈமக்காரியம் பார்க்கும் மேங். இறந்தவர் யாரென்று எழுதி, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நட வேண்டிய கொடி அது.

"வாத்தியாரே, உங்க கையெழுத்து முத்து மாதிரின்னு ஊரே சொல்லுது. நீங்களே எழுதிடுங்க. பொம்பளைங்களுக்குப் பேரு போடறதில்ல. குலப்பேரு போதும், சின்சாங் பியோன்னு."

கிசோக் தூரிகையை வாங்கிக்கொண்டார். கொரியப் பெயர்களுக்கு வேராக நிற்கும் சீன எழுத்துகளை முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் கற்பித்த கை. உள்ளே கிடப்பது அவருடைய அக்கா ஹுனாம். மூன்றாவதும் பெண்ணாகப் போன கடுப்பில் அப்பா வைத்த பெயர். 'ஹு' என்றால் பின்னால், 'நாம்' என்றால் ஆண். அடுத்ததாவது ஆணாக வரட்டும் என்று பச்சைக் குழந்தையின் தலையில் கட்டிய வேண்டுதல். ஐந்து வருடம் கழித்து கிசோக் வந்து பிறந்தார். வேண்டுதல் பலித்தபின் அவள் யாருக்கும் தேவைப்படவில்லை, மிளகாய் வயலைத் தவிர.

அந்த வயல்தான் அவரைப் படிக்க வைத்தது. ஆரம்பப் பள்ளியோடு நிறுத்தப்பட்ட அக்கா அதில் குனிந்தவள் குனிந்தவள்தான். கல்லூரியிலிருந்து அவர் முதல் விடுமுறைக்கு வந்தபோது, வரப்பில் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"டேய், பெரிய படிப்பு படிக்கிறியே, என் பேருல இருக்கற எழுத்துக்கு என்னடா அர்த்தம்?"

"நான் வரணும்னு வச்சது. வந்துட்டேன்ல? அப்புறம் என்ன?"

அவள் சிரித்தாள். பிறகு கேட்கவேயில்லை. வருடம் தவறாமல் மிளகாய்த்தூள் பொட்டலம் அனுப்புவாள். அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அக்கா' என்று மட்டும் இருக்கும்.

ஆண் என்ற சீன எழுத்து இரண்டு எழுத்துகளின் சேர்க்கை: மேலே வயல், கீழே பலம். "வயல்ல பாடுபடறவன்தான் ஆம்பளை" என்று வருடாவருடம் கரும்பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறார். ஒருநாளும் அக்கா ஞாபகத்துக்கு வந்ததில்லை. இன்று காலை சணல் துணி சுற்றும் முன் அவள் கைகளைப் பார்த்தபோதுதான் வந்தாள்.

"பேரையும் எழுதறேன்" என்றார்.

"வழக்கமில்ல. பொண்ணு சரின்னா எனக்கென்ன" என்றார் மேங்.

அக்காவின் ஒரே மகள் மிராங் கறுப்புத் துக்க உடையில் வாசலில் நின்றிருந்தாள். "வேணாம் மாமா. ஆஸ்பத்திரியில அந்தப் பேரச் சத்தமாக் கூப்பிட்டா அம்மா எந்திரிக்கவே மாட்டாங்க. கடைசியா இதுலயாவது அது இல்லாம போகட்டும்."

"அந்த எழுத்தே வயலும் பலமும் சேந்ததும்மா. வயல்ல பலத்தப் போட்டது யாரு? நானா? உங்கம்மாதானே..."

மிராங் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நல்லாத்தான் இருக்கு மாமா. அம்மா கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்ல. மிளகா பறிக்கறப்பல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க, 'ஐயா வந்துட்டாராம்'னு."

குலப்பெயரை மட்டும் எழுதினார். "முத்து முத்தா இருக்கு" என்று மேங் கொடியைத் தூக்கிக்கொண்டு போய் நட்டார். வந்தவர்கள் குனிந்து வணங்கினார்கள். கிசோக் ஓரமாக உட்கார்ந்து முழங்கால்மேல் விரலால் ஒரு கட்டம் போட்டார். உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்ததும் வயல் வந்துவிட்டது. கீழே வர வேண்டிய பலத்துக்கும் இரண்டே கோடுதான். விரல் அங்கேயே நின்றது. மறுபடி கட்டத்திலிருந்து தொடங்கினார்.