மதகுக்கு அப்பால்

போன ஞாயிற்றுக்கிழமை காணாமல்போன அம்பு எங்கே கிடக்கும் என்பதில் அன்புராஜுக்குச் சந்தேகமே இல்லை. ஏரிக்குள் எங்கோ புல்லுக்கடியில் புகுந்து படுத்திருக்கிறது. தூரத்துக்கு எய்யும் அம்புகளின் குணம் அப்படி. ஊசி மாதிரி மெலிதாகச் சீவி, வாலில் பேருக்கு ஒரு துளி இறகு ஒட்டுவான். சாய்ந்து விழுந்தால் அது மண்ணில் குத்தி நிற்காது, கோரைவேருக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். அவனும் மனைவி மெர்சியும் வெயில் ஏறும்வரை குனிந்து குனிந்து தேடினார்கள். ஏரிக்குள் மட்டும்தான் தேடினார்கள். பழைய மதகுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. எந்த அம்பும் மதகுவரை வந்ததே கிடையாது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டிக் கிடக்கும் ஏரி அது. மார்கழி போனால் தண்ணீர் வற்றி, சித்திரைக்குள் தரை பாளம் பாளமாக வெடித்துவிடும். மெர்சி கல்லூரியில் வில் பிடித்தவள். அப்போது பலகையில் வட்டம் பார்த்து எய்தாள், அது அவளுக்குச் சலித்துவிட்டது. இப்போது அவள் எய்வதற்குக் குறி என்று ஒன்று இல்லை. எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் கணக்கு. விழுந்த அம்பைக் கண்டெடுத்து அளந்தால்தான் அந்தத் தூரம் செல்லும். கிடைக்காத அம்பு, எய்யாத அம்பு.

வில்லைச் செய்வது அன்புராஜ். கம்பி உருட்டும் ஆலையில் மராமத்துப் பிரிவில் வேலை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, மூங்கில் பத்தையையும் கருவேல மரத்தையும் ஒட்டி வில் செதுக்குவான். புது வில்லை மட்டும் ஒரு மாதம் ஆலைக்குள் உலைக்கு மேலே இருக்கும் இரும்புப் பரணில் போட்டு வைத்திருந்தான். அந்த அனலில் மரத்தில் இருந்த ஈரமெல்லாம் இறங்கிவிட்டது. கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. ஈரம் போன வில் அம்பை வேகமாக விடும், ஒருநாள் உடைந்தும் போகும். உடைவதைப் பற்றித்தான் அவன் கவலைப்பட்டான். மெர்சியின் முகத்தில் சிராய் தெறிக்காமல் இருக்கவேண்டுமே என்று பத்தையின் மேல் நூல் சுற்றிப் பசை தடவினான். அது எவ்வளவு தூரம் விடும் என்று கவலைப்படவில்லை. கூடுதலாகப் போனால் நல்லதுதானே.

இருவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. வில் செய்தவன்தான் மதகடியில் போய் நிற்கவேண்டும். எதிரில் ஆள், மாடு, சைக்கிள் எதுவும் குறுக்கே வராமல் பார்ப்பது அவன் பொறுப்பு. சிவப்புத் துணியைத் தூக்கிப் பிடித்தால் பொறு என்று அர்த்தம். இறக்கினால் விடு. அந்தத் தூரத்தில் கூப்பிட்டாலும் கேட்காது, பின்சுவருக்கு அப்பால் ஆலைகளின் இரைச்சல் ஓய்வதே இல்லை. மெர்சியின் போன் ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடக்கும். எய்யும்போது பையில் எதுவும் கனக்கக்கூடாது அவளுக்கு.

இந்த ஞாயிறும் அப்படித்தான் அவன் துணியோடு மதகடியில் போய் நின்றான். ஏரிக்குள் அஞ்சம்மாளின் ஆடுகள் பரவி நின்றன. பக்கத்து ஊரில் சொந்தமாகக் கொஞ்சம் நெல் நிலம் வைத்திருப்பவள், அறுப்பு முடிந்தால் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவாள். அவனைப் பார்த்ததும் வாயைப் பிடுங்கினாள்.

“ஞாயித்துக்கெயமன்னா மனுசன் ஊட்ல தூங்குவான். நீ இன்னாடான்னா பொண்டாட்டிய அந்தாண்ட நிக்க வெச்சிட்டு, இந்தாண்ட துணி காட்டிகினு கீற. சண்டையா நைனா?”

சண்டை இல்லை என்று அவன் சிரித்தான். ஆடுகளை ஏரியை விட்டு ஓட்டச் சொன்னான். அவள் முணுமுணுத்துக்கொண்டே, போன வாரத்திலிருந்து தனக்கு நேரமே சரியில்லை என்றாள். நல்ல குட்டி ஒன்று செத்துப்போய்விட்டது. கழுத்துக்கு அடியில் சின்ன ஓட்டை, உள்ளே புகுந்த இடமும் வெளியே வந்த இடமும் தெரிந்ததாம். நாய் கடித்தால் இப்படியா இருக்கும் என்று கேட்டாள். பாம்பும் இல்லை. அந்தப் பாழாய்ப்போன கம்பெனிகளில் இருந்து ஏதோ இரும்புச் சில்லு தெறித்து வந்திருக்கவேண்டும், கேட்டால் வாட்ச்மேன் உள்ளேயே விடமாட்டேன் என்கிறான்.

அன்புராஜுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அவன் கண் மெர்சியின் மேல் இருந்தது. ஏரியின் அந்தக் கோடியில் அவள் கைகளை உதறிவிட்டுக்கொண்டு நின்றாள்.

“எனக்குப் பின்னால போயிடுக்கா. மதகத் தாண்டிட்டா ஒண்ணும் வராது.”

அவள் ஆடுகளைத் திரட்டிக்கொண்டு கரையேறி, வேலிகாத்தான் புதர்களுக்கு இடையே இறங்கினாள். புதரின் உயரத்தில் ஆடுகள் மறைந்தன, பிறகு அவளும் மறைந்தாள். அன்புராஜ் துணியைத் தூக்கினான். மெர்சி அம்பைத் தொடுத்துவிட்டு, துணி இறங்குவதற்காகக் காத்து நின்றாள். ஏரி காலியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் இறக்கவில்லை. காதில் விழாத பாதி இப்போதுதான் வந்து சேர்ந்தது. உள்ளே புகுந்த இடமும் வெளியே வந்த இடமும். தெறித்து வந்த இரும்புச் சில்லு அப்படித் துளைத்துக்கொண்டு போகுமா? போன வாரம் கடைசி அம்பை மட்டும் இந்தப் புது வில்லில் விட்டுப் பார்த்ததும் மெர்சி கையை உதறியது நினைவுக்கு வந்தது. இந்த வில் ஏதோ கத்துது அன்பு, என்றாள். இவன் சிரித்தான்.

எந்த இடத்தில் குட்டி கிடந்தது என்று அவன் கேட்டிருக்கவில்லை.

“நைனா.”

பின்னாலிருந்து அஞ்சம்மாள் கூப்பிட்டாள். துணியைத் தூக்கியபடியே திரும்பிப் பார்த்தான். கூப்பிடு தூரத்தில், புதர்கள் விலகும் ஒரு வெற்றிடத்தில் அவள் நின்றிருந்தாள். கையில் மெல்லிய குச்சி ஒன்று. அதன் வாலில் பச்சை. அவன் தன் கையால் சாயம் ஏற்றிய இறகின் பச்சை.

“இது உன்துதான? குட்டி செத்துக் கெடந்த எடத்துலயே கெடக்குது பாரு.”

அவள் நின்ற இடம் மதகிலிருந்து ஏறக்குறைய ஒரு தென்னந்தோப்பு அகலம் தள்ளி இருந்தது. இந்த வில் அத்தனை தூரம் விடும். விட்டிருக்கிறது. தன் முதுகுக்குப் பின்னால் பத்திரம் என்று அவன் அவளை அனுப்பிவைத்தது, அம்பு போய் இறங்கும் இடத்துக்கே.

வந்துடுக்கா, இங்க வந்துடு என்று கத்தினான். கையையும் வேகமாக வீசி அழைத்தான். கை மேலிருந்து கீழே இறங்கியபோது துணி முகத்தில் உரசியது. அப்போதுதான் எந்தக் கையால் கூப்பிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது.

திரும்பினான். மெர்சி பின்னுக்குச் சாய்ந்து, வில்லை வானத்துக்கு ஏந்தி, காதுவரை இழுத்திருந்தாள். தூரத்து அம்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை, மரம் தளர்ந்துவிடும். இழுத்த கையோடு விடவேண்டும். அவன்தான் அவளுக்கு அதைச் சொன்னது. துணியை மறுபடி தலைக்கு மேலே தூக்கி இரண்டு கையாலும் ஆட்டினான். அவள் வில் ஏற்கெனவே தாழ்ந்திருந்தது.

வானத்தில் எதுவும் தெரியவில்லை. அவ்வளவு மெலிதாகச் சீவியது அவன்தான்.

அஞ்சம்மாளை நோக்கி ஓடினான். அவள் அவசரப்படவில்லை. குச்சியை வாங்கிக்கொள்ளத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, நிதானமாக நடந்து வந்தாள். பிறகு ஓர் ஆடு புதருக்குள் புகுந்ததைப் பார்த்து அதட்டிக்கொண்டே திரும்பினாள். ஓடு, ஓடு என்று இவன் கத்தியது ஆட்டை விரட்டச் சொல்வதுபோல அவளுக்குக் கேட்டிருக்கவேண்டும். கையில் இருந்த அம்பாலேயே அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. ஈரத்துணியை உதறினாற்போல இருந்தது. அஞ்சம்மாள் இரண்டு அடி நடந்தாள். பின்பு, நடந்து களைத்தவள் உட்காருகிற மாதிரி, மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே பச்சை இறகு நின்றது.

அவன் போய் மண்டியிட்டு முதுகைத் தாங்கிக்கொண்டான். உருவாதே என்று யாரோ எப்போதோ சொன்னது நினைவில் இருந்தது. சிவப்புத் துணியை மடித்து அம்பைச் சுற்றி அழுத்தினான். துணியின் நிறத்தால் எவ்வளவு ரத்தம் என்று தெரியவில்லை. அவள் முதலில் தன் தோளைப் பார்த்தாள், அப்புறம் இன்னும் கையிலேயே பிடித்திருந்த அம்பைப் பார்த்தாள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“குட்டிக்கும் இதானா நைனா?”

அவன் துணியை இன்னும் அழுத்திப் பிடித்தான். ஆடுகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு மேய்ந்தபடியே போயின.

சட்டைப்பையில் போன் அடித்தது. மெர்சி. இரைக்க இரைக்கப் பேசினாள். ஸ்கூட்டர்வரை ஓடிப்போய் எடுத்திருக்கிறாள். இன்றைக்கு மதகைத் தாண்டியது நிச்சயம் என்றாள், விட்டபோதே கையில் தெரிந்ததாம். துணியை ஏன் அப்படி ஆட்டினாய், சந்தோஷத்திலா என்று கேட்டாள். டேப்பை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்றாள்.

“அன்பு? கேக்குதா? அம்பு கெடச்சிச்சா?”

“ரெண்டும் கெடச்சிச்சி,” என்றான். “வண்டிய எடுத்துகினு வா.”