துரைப் பாம்பின் விரதம்

தேயிலைத் தோட்டத்துத் துரைக்குப் பாம்பு வளர்க்க ஆசை வந்தால் அதற்குத் தீனி போட்டுச் சாகிறவன் யார்? பங்களாவில் சமைக்கிற குசினிக்கார ஆண்டியப்பன்தான். கீழ்நாட்டுக் காட்டில் பிடித்த மலைப்பாம்பு ஒன்றைச் சிநேகிதன் கொடுத்தான் என்று காரில் ஏற்றி வந்தார் துரை. குசினிக்குப் பின்னாலிருந்த சாமான் அறையில், கம்பிக் கதவு போட்ட பெட்டியில் அதை விட்டார். மறுநாளே கொழும்புக்குக் கிளம்பிவிட்டார்.

போகும்போது கார் சன்னலில் தலையை நீட்டி, "ஆண்டியப்பன்! நான் வரும்போது பாம்பு நல்லா சாப்பிட்டிருக்கணும். செத்துப்போனா நீ மலைக்கு!" என்றார்.

மலைக்கு என்றால் தேயிலை மலைக்கு. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களம், கொட்டுகிற மழை, அட்டைக்கடி, போதாக்குறைக்குக் கங்காணி கணேசமூர்த்தியின் வாய். அடுப்படிச் சூட்டிலும் துரை மிச்சம் வைத்த இறைச்சியிலும் வளர்ந்த உடம்பு ஆண்டியப்பனுடையது.

எலி பிடித்துப் போட்டான். பாம்பு திரும்பியும் பார்க்கவில்லை. சரி, பெரிய இடத்துப் பாம்பு, எலி இறங்காது போலிருக்கிறது என்று கொழுத்த கோழி ஒன்றை விட்டான். கோழி கொஞ்ச நேரம் கத்திப் பார்த்தது. அப்புறம் பாம்பின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. மறுநாள் முட்டையும் இட்டது.

"அட எழவெடுத்த பாம்பே! தின்னு தொலையேன்!" என்று கத்தினான். ஆனி மாதத்துத் தலவாக்கலைக் குளிரில் பாம்பு விறைத்த கயிறாகக் கிடந்தது.

சத்தம் கேட்டு வந்த அவன் பெண்சாதி வேலாயி முட்டையைப் பார்த்தாள், பாம்பைப் பார்த்தாள், படபடவென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, ஒங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? கோழி மேல ஏறி ஒக்காந்தும் வாயத் தொறக்கல. இது சாமிங்க! வெரதம் இருக்கு!"

"வெரதமாவது மண்ணாவது! பாம்புடி அது."

"மொதல்ல வாயக் கழுவுங்க!"

கோழியை வெளியே இழுத்துப் போட்டாள். சாயங்காலத்துக்குள் செய்தி தொழிலாளர் குடியிருக்கிற எல்லா லயத்துக்கும் போய்விட்டது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு பெண்கள் பாலும் மஞ்சளும் கொண்டு வந்தார்கள். பாம்பு பாலையும் தொடவில்லை. அதனால் பக்தி கூடியதே தவிரக் குறையவில்லை. வேலாயி வீட்டில் கருவாட்டை நிறுத்தினாள். ஆண்டியப்பன் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு, துரையையும் பாம்பையும் சேர்த்துத் திட்டினான்.

மழைக்குப் பயந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பூசை நடந்தது. பெட்டியைச் சுற்றி விளக்குகள், பெட்டிக்கு அடியிலேயே சாம்பிராணிச் சட்டிகள். கரி அணைய அணைய ஆள் மாற்றி ஆள் ஊதிவிட்டார்கள். அந்தச் சின்ன அறை பெக்டரியில் தேயிலை காயவைக்கிற இடம் மாதிரி கொதித்தது. குளிரில் செத்துக் கிடந்த பசி இந்தச் சூட்டில் எழுந்துகொண்டது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. "சாமி அசையுது!" என்று மட்டும் பூரித்துப் போனார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கங்காணி கணேசமூர்த்தி வந்தார், கக்கத்தில் சண்டைச் சேவலோடு. பூண்டுலோயாப் பக்கம் வரைக்கும் தோற்காத சேவல் அது. மத்தியானம் ஒரு பெரிய சண்டை இருந்தது.

"ஒதுங்குங்கடி" என்று பெண்களை விலக்கினார். கம்பிக் கதவைத் திறந்து சேவலின் தலையை உள்ளே நீட்டினார். "சாமி, இவன ஆசீர்வாதம் பண்ணு!"

சாமி பண்ணியது. ஒரே வெட்டு, ஒரே சுருட்டு. சிறகு படபடத்தது அவ்வளவுதான். கங்காணியின் கையில் இரண்டு வால் இறகு மிஞ்சியது.

பாம்பு யாரையும் சட்டை செய்யாமல் சேவலைத் தலைப்பக்கமிருந்து விழுங்கத் தொடங்கியது. வேலாயிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆண்டியப்பனுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். தின்னுது! ராசா, தின்னுது!

"டேய், செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திய எடுங்கடா!" கங்காணி அலறினார். "இந்த நாய வெட்டி என் சேவல வெளிய எடுக்கல, நான் கணேசமூர்த்தி இல்ல!"

கங்காணி முன்னால் நிமிர்ந்து நின்று ஆண்டியப்பனுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றான். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அடித்தொண்டையில் கத்தினான்.

"சாமி வெரதத்த முடிச்சிருச்சு! ஊரே பால் வச்சுது, தொடலியே! கங்காணி ஐயா கையால குடுத்தத்தான் ஏத்துக்கணும்னு காத்துக் கெடந்திருக்கு! வெட்டறவங்க வெட்டுங்க, அந்தப் பாவம் எனக்கு வேணாம்!"

முதல் குலவை வேலாயியுடையது. அடுத்து அறை முழுக்கக் குலவை. பேச்சியம்மாக் கிழவி முண்டியடித்து வந்து கங்காணியின் நெற்றி நிறையத் திருநீற்றை அப்பிவிட்டாள். "குடுத்து வச்ச மகராசன்யா நீ!"

கங்காணி ஆண்டியப்பனை முறைத்தார். சுற்றி நின்ற பெண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இறகைக் கீழே போட்டுவிட்டு, பல்லை நறநறவென்று கடித்தபடி, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.