உப்புக்கண்ணியின் அட்டை

கப்பலின் மூக்கில் தொடங்கி, பாய்மரத்தை முழுக்கக் கழற்றி, மேல்தளத்தில் பாதிக்கு வந்திருந்தாள் மகள். நகத்தால் குண்டூசியின் தலையை நெம்பி, அட்டையை உருவி, காலடியில் இருந்த பிளாஸ்டிக் வாளியில் போட்டாள். பிறகு அடுத்த அட்டை. அம்மாவின் கட்டிலுக்கு எதிர்ச் சுவர் முழுக்க அம்மாவே நீலச் சாக்பீஸால் வரைந்த கப்பல் அது. கப்பல் தெரியாத அளவுக்கு அதன்மேல் எழுதிய அட்டைகள்.

"போதும்மா," என்றார் பின்னாலிருந்து அப்பா.

"இருங்கப்பா. அம்மாதானே எடுக்கச் சொன்னாங்க."

"சொன்னாங்க," என்றார் அப்பா. கட்டிலைப் பார்த்துவிட்டு, "இல்லம்மா. திரும்பிப் பாரு," என்றார்.

திரும்பினாள். சற்று முன்வரை சுவரை நோக்கித் தூக்கியிருந்த அம்மாவின் கை போர்வைமேல் மல்லாந்து கிடந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆறு மாதமாகப் பெற்றவளைப் பார்க்க வராதவள், வந்த அன்றைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். உள்ளங்கையில் நாலைந்து குண்டூசிகள் குத்திக்கொண்டிருந்தன.

அதன் பிறகு வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலிகளைத் தூக்கிவந்து வாசலில் போட்டார்கள். வண்டி நாலு மணிக்கு என்று தம்பி எல்லாருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருந்தான். மகள் மட்டும் அம்மாவின் அறையில், வாளிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அம்மா பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குக் கொள்ளைக்காரக் கதை எழுதியவள். மேகத்தின்மேல் மிதக்கும் கப்பல். அதில் ஒரு திருட்டுக் கூட்டம். தங்கம் வெள்ளியெல்லாம் அவர்களுக்கு வேண்டாம். தூங்குகிற ஊர்களின் மேலே கயிறு விட்டிறங்கிச் சத்தங்களைத் திருடுவார்கள். மணியோசை, குறட்டை, யாரோ யாரையோ கூப்பிடுகிற குரல். இரண்டு புத்தகம் வந்துவிட்டது. மூன்றாவதில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அதற்கான குறிப்புகள்தான் சுவரில் இருந்த அட்டைகள்.

அந்தக் கூட்டத்தில் வெளியாள் ஒருவரும் கிடையாது. அடுத்தவர் சொல்வதில் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லும் கிழட்டுக் கிளி, சாட்சாத் அப்பா. பீரங்கிக்குப் பக்கத்திலேயே தின்று பீரங்கிக்குப் பக்கத்திலேயே தூங்குகிறவன் தம்பி. இருவரும் சிரித்துவிட்டுப் போனார்கள். கப்பலின் தலைவி உப்புக்கண்ணி. அவளுக்கு அழுகை வராது. கண்ணோரத்தில் உப்பு காய்ந்து நிற்கும். யாரையும் விட்டுப் போகும்போது "சரி, வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள்.

போனில் மகள் பேசி முடிப்பது அப்படித்தான். பல் செட் செய்யும் கூடத்தில் உடன் வேலை பார்ப்பவள், தன் பிள்ளைக்கு வாசித்துக் காட்டிவிட்டு மறுநாள் வந்து, "உங்க அம்மா உன்னைத்தான் எழுதியிருக்காங்க போல," என்று சிரித்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அன்றைக்கே போன் போட்டுக் கத்தினாள் மகள்.

"பெத்த பொண்ணைக் கொள்ளைக்காரியா ஆக்கி நாலு பேர் சிரிக்க வச்சுட்டீங்க. நான் என்ன கல்நெஞ்சுக்காரியா?"

"வீட்டுல இருக்கிறதைத்தானேடி திருட முடியும்?" என்றாள் அம்மா.

"சரி, வைக்கிறேன்."

அப்படிச் சொன்னது அவளுக்கே சுருக்கென்றது. ஆனாலும் வைத்துவிட்டாள். அதன் பிறகு போவதும் வருவதும் குறைந்துபோயிற்று. அம்மா படுத்துவிட்டாள் என்று தெரிந்தபின்னும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். இன்று காலை வந்ததும் வராததுமாக, பையைக்கூடக் கீழே வைக்காமல், "சாயங்காலம் கிளம்பணும்மா, லீவு இல்ல," என்றாள். அதற்குப் பிறகுதான் அம்மா கையைத் தூக்கினாள்.

தம்பி கதவருகே வந்து நின்றான்.

"அக்கா, பதிப்பகத்து மேடம் கூப்பிட்டாங்க. ரொம்ப வருத்தப்பட்டாங்க. முடிவு எழுதி வச்சிருக்காங்களான்னு தயங்கித் தயங்கிக் கேட்டாங்க." சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்தவனுக்கு முகம் பேயறைந்தது போலாயிற்று. "யாரு எடுத்தது இதை?"

"நான்தான்."

"அம்மா சொன்னாங்களேக்கா! எழுத முடியாம போனா, சுவத்துல வெளிய தெரியறதுதான் முடிவு, அதைப் பார்த்து எழுதிக்கச் சொல்லுங்கன்னு. எடுத்தேன் கவிழ்த்தேன்னு எதையும் செய்யாம உன்னால..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். "சரி விடு. பாத்து எடுத்து வை," என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனான்.

அம்மாவின் வழக்கம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மனம் மாறினால் எழுதியதைக் கோடு போட்டு அடிக்கவும் மாட்டாள், கிழிக்கவும் மாட்டாள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் மாற்றி எழுதிக் குத்திவைப்பாள். வெளியே தெரிவது கதையில் நடப்பது, சுவரைப் பார்த்திருப்பது நடக்காதது. மறுபடி மனம் மாறினால் மறுபடி திருப்புவாள். எழுதி முடிக்கும்வரை வீட்டில் யாரும் அட்டையைப் படிக்கக் கூடாது.

மகளும் படிக்காமல்தான் பிடுங்கினாள். படித்தால் இன்னும் என்னவெல்லாம் தன்னைப் பற்றி இருக்குமோ என்ற பழைய கோபம் அது. இப்போது ஒவ்வொன்றாகப் படித்தாள். வாளியின் அடியில், முதலில் பிடுங்கிய அட்டை கிடைத்தது. ஒரு பக்கத்தில் அம்மாவின் சாய்ந்த எழுத்து:

'உப்புக்கண்ணி வரமாட்டாள். கப்பல் அவளுக்காகக் காத்திருக்காமல் கிளம்பும்.'

திருப்பினாள்.

'உப்புக்கண்ணி வருவாள். தாமதமாக. ஏன் இவ்வளவு நேரம் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.'

இதில் எது வெளியே இருந்தது? கண்ணை மூடிப் பார்த்தாள். தன் நகமும் குண்டூசியின் தலையும்தான் நினைவுக்கு வந்தன.

அவளுக்கு விரல்தான் கண். பதினைந்து வருடமாகப் பல் அச்சுகளைத் தடவித் தடவி, மயிரிழை மேடு இருந்தாலும் விரல் சொல்லிவிடும். குண்டூசி நுழைந்த பக்கம் வழுவழுவென்றிருக்கும், வெளியேறிய பக்கம் தடித்து நிற்கும். அட்டையின் மேல் விளிம்பைத் தடவினாள். தடித்திருந்தது. மறுபக்கம் தடவினாள். அங்கேயும் தடித்திருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். மேல் விளிம்பு நெடுகப் பொடிப்பொடியாக ஓட்டைகள். இருபதுக்கு மேல் இருக்கும். மற்ற அட்டைகளில் ஒன்றோ இரண்டோ தான்.

அப்பா ஓசைப்படாமல் உள்ளே வந்து, வெறும் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மாவை முன்னறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"அப்பா, இந்த அட்டையை அம்மா அடிக்கடி திருப்பினாங்களா?"

"திருப்பினாங்க," என்றார் அப்பா. "நிக்க முடிஞ்சவரைக்கும் அவளே ஸ்டூல்ல ஏறித் திருப்புவா. நான் ஸ்டூலைப் பிடிச்சுக்குவேன். அப்புறம் என்னை ஏறச் சொன்னா. பேச்சு வராம போனதுக்கப்புறம் கையாலேயே சொல்லுவா." வலது கையைத் தூக்கி, மணிக்கட்டை மெதுவாகப் புரட்டிக் காட்டினார். "திருப்புங்கன்னு அர்த்தம்."

காலையில் அந்தக் கை அப்படித்தான் புரண்டது. எடு, எடு என்று சொல்வதாக நினைத்து அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறினாள்.

"நீங்க ஏம்ப்பா அப்பவே சொல்லல?"

"நீ வந்த சந்தோஷத்துல டீ போடப் போயிட்டேம்மா. வந்து பாக்கும்போது நீ பாதியைப் பிடுங்கிட்டே."

"கடைசியா எந்தப் பக்கம் வெளிய இருந்துச்சு?"

"இருந்துச்சு..." அப்பா யோசித்தார். "கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்து ஏதும்மா தெரியுது? அவளும் படிக்க விடமாட்டா. திருப்புன்னா திருப்புவேன். நீ போன் பண்ணின அன்னைக்கு ஒரு தரம் திருப்பச் சொல்லுவா. நாலு நாள் நீ பண்ணலேன்னா மறுபடி திருப்பச் சொல்லுவா."

அவள் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் வந்துவிட்டாள் என்று திருப்பச் சொன்னாளா? சாயங்காலம் கிளம்பிவிடுவாள் என்று திருப்பச் சொன்னாளா? கேட்பதற்கு ஆள் முன்னறையில் படுத்திருந்தாள். அழுதுவிட்டால் தேவலை என்றிருந்தது, வரவில்லை.

"அக்கா! வண்டி வந்துடுச்சு," என்று வாசலிலிருந்து தம்பி குரல் கொடுத்தான்.

அவள் எழுந்து ஸ்டூலைச் சுவரோரம் நகர்த்தி ஏறினாள். அப்பா கட்டிலிலிருந்து எழுந்துவந்து, பழக்கதோஷத்தில், இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். கப்பலின் மூக்கில் சாக்பீஸ் கோடு இன்னும் அழியவில்லை. அதில் அட்டையை வைத்து, ஏற்கெனவே இருந்த ஓட்டை ஒன்றில் குண்டூசியை விட்டு, கட்டைவிரலால் அழுத்தினாள்.

'உப்புக்கண்ணி வருவாள். தாமதமாக.'

கீழே பார்க்காமலே சொன்னாள்: "இந்தப் பக்கம்தாம்ப்பா வெளிய இருந்துச்சு. எனக்கு இப்ப ஞாபகம் வந்துடுச்சு."

அப்பா கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வார் என்று காத்திருந்தாள். முன்னறையில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. வண்டியின் பின்கதவை யாரோ திறந்தார்கள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலைப் பிடித்திருந்த கையையும் எடுக்கவில்லை.