நடுவரின் அண்ணன்

வசவுக்குப் பதில் வசவு சொல்லும் கலையில், இன்று உயிரோடு இருப்பவர்களில் நானே முதல்வன். இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன். கல்லூரியில் என்னிடம் வாய் கொடுத்துவிட்டு வகுப்பையே மாற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒருமுறை பேருந்தில் ஒரு கனவான் என் நிறத்தைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். நான் சொன்ன பதிலைக் கேட்டுத் தன் நிறுத்தம் வருமுன்பே இறங்கி, மழையில் நடந்து போனார். இப்பேர்ப்பட்டவன் அந்த ஞாயிற்றுக்கிழமை, கால்பந்து மைதானத்தின் உடைமாற்றும் அறையில், மடியில் ஒரு மஞ்சள் கொடியோடு காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான் என்றால் அது வரலாற்றின் கோளாறு. எதிரே என் தம்பி சட்டை நுனியால் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் நடுவர். நான் லைன்ஸ்மேன், கோட்டோரமாக ஓடி, யாராவது ஆஃப்சைடில், அதாவது பந்து உதைபடும்போது எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரனைத் தாண்டி நின்றால் கொடியைத் தூக்குகிறவன்.

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்கிறார்கள். தம்பியே தளபதியாகிவிட்டால் அண்ணன் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை யாரும் சொல்லிவைக்கவில்லை. நடுவர் தேர்வுக்கு இருவரும்தான் போனோம். அவன் தேறினான். நான் தேர்வாளருக்கு ஒரு பதில் சொன்னேன். "அவன் வாயத் தொறக்கறதில்ல, அதான் ஊதறதுக்கு மூச்சு மிச்சமிருக்கு. உனக்குத்தான் எல்லாம் பேசியே போயிடுதே" என்று அம்மா காரணம் கண்டுபிடித்தாள். அவனுடைய கறுப்புச் சட்டைக்குக் காலர் மடிப்பு வரை இஸ்திரி நடக்கும். என் சட்டையை அப்படியே சுருட்டி நீட்டுவாள். கேட்டால், "நீ ஓரமாத்தானே ஓடற, யார் பாக்கப்போறா?"

அன்றைக்குப் பார்க்க ஆள் வந்திருந்தார். தம்பியை மேல் பிரிவு ஆட்டங்களுக்கு உயர்த்தலாமா என்று எடைபோட, சங்கத்திலிருந்து ஒரு கண்காணிப்பாளர். கொடி தப்பாகப் போனாலும் அது விசில்காரன் தலையில்தான் விழும் என்பது இந்தத் தொழிலின் நியதி. அதை நினைத்தபோது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அதை நான் உள்ளே போகச் சொல்லவில்லை.

மைதானத்துக்குப் போகும் நடையில் இரண்டு அணிகளும் வரிசையாக நின்றன. ஒரு விளக்கு எரியவில்லை. நாங்கள் அதற்கடியில் வந்தபோது ஒரு அணியின் ஒன்பதாம் நம்பர்க்காரன் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு தேடினான்.

"டேய், விசில் மட்டும் அந்தரத்துல தொங்குது பாருங்கடா. ரெஃப்ரியக் காணோம்!"

"பல்லக் காட்டச் சொல்லு, கண்டுபிடிச்சிடலாம்" என்றான் பின்னாலிருந்தவன்.

ஒன்பது என்னைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டான். "இது ரெண்டாவதா? ஒரே தார் டின்னுல முக்கி எடுத்தாங்க போல."

வரிசை முழுக்கச் சிரிப்பு. என் வாயில் பதில்கள் முட்டி மோதி நின்றன. எதை முதலில் அனுப்புவது என்று நான் தேர்ந்துகொண்டிருந்தபோதே தம்பி நின்றுவிட்டான். "கேட்டுச்சு" என்றான். "ஆட்டம் முடிஞ்சதும் ரிப்போர்ட்ல எழுதுவேன். இப்ப ஒழுங்கா நில்லுங்க." செருப்பை ஓரமாக விடச் சொல்கிற குரல். சிரிப்பு அறுந்தது. ஆணி வைத்த பூட்ஸ்கள் தரையில் உரசுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. நான் பதில் சொன்ன இடங்களில் கைதட்டல் எழுந்திருக்கிறது, அடிதடி நடந்திருக்கிறது. இப்படி ஒரு அமைதியை என்னால் ஒருநாளும் உண்டாக்க முடிந்ததில்லை. நடையின் மறுமுனையில் கண்காணிப்பாளர் தலையை லேசாக அசைத்தார். அந்தத் தார் டின் பேச்சு எரிந்ததைவிட அந்தத் தலையசைப்பு எனக்கு அதிகம் எரிந்தது.

முதல் பாதியில் ஒன்பதைக் கோல் பகுதிக்குள் காலைத் தட்டி விழவைத்தார்கள். அவன் தரையைத் தொடுமுன் விசில் ஊதிவிட்டது. பெனால்டி. அவனே அடித்தான், ஆட்டம் சமநிலைக்கு வந்தது. இடைவேளையில் நான் தம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டா, ஆள் மறைச்சிடுச்சு, தெரியலன்னு விட்டிருந்தா உன் சொத்தா போயிடும்?"

"தட்டிவிட்டாங்க, விழுந்தான். அதத்தான்ணா பாத்தேன்."

"அவன் பேசினது?"

"அதுக்கு ரிப்போர்ட். விசில் அதுக்கில்ல."

"உன்னையெல்லாம் பூங்காவுல செலையா நிறுத்தணும்டா. தலைமேல காக்கா எச்சம் போட்டா அதுக்கும் ரிப்போர்ட் எழுதுவ."

அவன் சிரித்தான். தண்ணீர் குடித்துவிட்டு பாட்டிலை மூடப்பார்த்தான். மூடி புரியில் உட்காராமல் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் பாட்டிலை மூடாமலே பெஞ்சடியில் வைத்துவிட்டு எழுந்து போனான். வலியைக்கூட என்னிடம் காட்டாமல் தனியாக வைத்துக்கொள்ளத் தெரிந்திருக்கிறது பாருங்கள், அதிலும் அவனே முதல்.

ஆட்டம் முடியப்போகிற நேரம். பின்களத்திலிருந்து ஒரு நீளமான பந்து என் பக்கம் வந்தது. ஒன்பது ஓடத் தொடங்கினான். நான் கடைசித் தடுப்பாட்டக்காரனுக்கு நேர்கோட்டில், நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நின்றிருந்தேன். பந்து உதைபட்ட கணத்தில் ஒன்பது அவனுக்கு ஒரு முழம் பின்னால் இருந்தான். ஆஃப்சைடு இல்லை. அதை அந்த மைதானத்தில் திட்டமாகப் பார்த்தது என் இரண்டு கண்கள் மட்டும்தான்.

"ஆஃப்சைடு! கொடியத் தூக்குய்யா!" தடுப்பாட்டக்காரன் கையை உயர்த்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினான்.

தூக்கினால் ஒன்பதுக்குக் கோல் இல்லை. தூக்கினால் தம்பிக்கு மேல் பிரிவும் ஒருவேளை இல்லை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய், இரண்டும் கைக்கெட்டும் உயரத்தில். நாளைக்கு யாராவது கேட்டால், மானமுள்ள எவனும் இதைத்தான் செய்வான் என்று ஒரு மணி நேரம் பேசலாம். நான் பேசினால் நம்புவார்கள். வெகு தூரத்திலிருந்து ஓடிவந்த தம்பி ஒருமுறை என் பக்கம் திரும்பினான். எச்சரிக்கையும் இல்லை, கெஞ்சலும் இல்லை, சந்தேகம் மருந்துக்கும் இல்லை. கடிகாரத்தில் மணி பார்ப்பதுபோல என் கையைப் பார்த்தான்.

பந்து வலைக்குள் போனது.

ஒன்பது கொண்டாடுவதற்கு வேறு இடம் கிடைக்காமல் நேராக என் கோட்டுக்கு வந்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து என் முகத்துக்கு நேரே, "என்ன கருவாயா, கொடி ரொம்ப கனமோ?" என்றான். அதற்கு ஒரு பதில் வந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு தரமான பதில் எனக்கு வந்ததில்லை. அது நாக்கு நுனி வரை வந்து நின்றது.

கோல் செல்லுமென்றால் லைன்ஸ்மேன் எதுவும் சொல்லத் தேவையில்லை. நடுக்கோட்டை நோக்கி ஓடினால் போதும். காற்று பலமாக வீசி, கொடி தானாக எழப் பார்த்தது. துணியைக் கம்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஓரமாகவே ஓடத் தொடங்கினேன்.